வியாழக்கிழமைப் பாடு

எங்கள் ஊரில் பெண்களுக்குப் பாடு கிடையாது.

பழவேற்காடு ஏரியில் இறால் கூடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அப்படி ஒருவருக்கு விழும் முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு நான் இன்றைக்கும் பாப்பாதான். நைனாவுக்கு நாங்கள் இரண்டும் பெண்கள். அவருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பாடு இல்லை. இதை அவர் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நாளைக்குக் காற்று திரும்பும் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

எனக்குக் கிடைத்த பாடு ஏரியில் இல்லை. சென்னையில், ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். நாலு வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை.

போன மாதம் அந்த ஆய்வகத்திலிருந்து ஒரு மாணவி பேசினாள். முன்பின் தெரியாத குரல். நான் விட்டுவந்த ஒரு குறிப்பேட்டைப் பற்றிச் சந்தேகம் கேட்டாள். பதில் சொல்லிவிட்டு, படம் எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். “இல்லீங்க மேடம், இந்த வாரம் என் பாடு இல்ல” என்றாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது நான் இருப்பது ஆரம்பாக்கத்தில், கணவர் வீட்டில். மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் வங்கிக்குப் போய்க் கதவைத் தள்ளி, அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் எனக்கு வங்கி நினைவு வருவதில்லை. செருப்பை வெளியே கழற்ற வேண்டுமோ என்று கால் தயங்குகிறது.

நுண்ணோக்கி இருந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளியே அலமாரியில் போட்டுவிட்டு, அங்கே இருக்கும் நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே எப்போதும் மார்கழிக் குளிர். நடுவில், கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு தூண். புத்தகத்தில் ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி. பேச்சில் டெம். சாதாரண நுண்ணோக்கியில் வெளிச்சம் செய்யும் வேலையை இதில் மின்னணுக்கற்றை செய்யும். தூணின் உச்சியிலிருந்து இறங்கி, நடுவில் வைத்த பொருளுக்குள் புகுந்து வெளியே வந்து, கீழே ஒரு திரையில் நிழலாக விழும். விளக்கை அணைத்தால் அந்தத் திரை மட்டும் பச்சையாக ஒளிரும். கனத்த இடம் கறுப்பு, மெல்லிய இடம் வெளிச்சம். என்னுடைய வெள்ளித் துகள்களை முதன்முதலில் அந்தப் பச்சையில் பார்த்தபோது ‘அட’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏழாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சின்னவை. பத்து மாதம் குப்பியில் மஞ்சள் தண்ணீராக மட்டுமே நான் பார்த்தவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தன.

என் ஆராய்ச்சி இதுதான். இறால் ஓட்டிலிருந்து ஒரு பசையைப் பிரித்தெடுத்து, அதில் வெள்ளித் துகள்களை மிதக்க விடுவது. குடிநீரைச் சுத்தம் செய்ய அது உதவும். ஆனால் துகள்கள் நாளாக ஆக ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டால் பயன் போய்விடும். இறால் ஓட்டுப் பசை அவற்றைப் பிரித்தே வைத்திருக்கும் என்று நான் சொன்னேன். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். செய்த அன்று ஒரு படம், ஒரு மாதம் கழித்து ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. ஓடு எங்கள் ஊரிலிருந்துதான் போகும். அம்மா கோணியில் கட்டிக் கொடுத்துக்கொண்டே சிரிப்பாள். “ஊர்ல எறாவத் துண்ணுட்டு ஓட்டத் தூக்கிப் போடுவாங்க. நீ எறாவ வுட்டுட்டு ஓட்ட எட்த்துகினு போற. படிச்ச படிப்பு அப்டி.”

அந்த நுண்ணோக்கிக்கு நிறையத் துறைகள் போட்டி. எங்கள் ஆய்வகத்துக்கு வாரத்தில் அந்த ஒரு வியாழக்கிழமைக் காலைதான். நாங்கள் நாலு பேர். யாருக்கு என்பதில் ஒவ்வொரு புதன்கிழமையும் சண்டை. மூத்தவர் ஒருவர் எடுத்துக்கொள்வார், வாய் உள்ளவர் அடுத்து. நான் ‘பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியிருந்தேன். என் பக்கத்து மேசையில் இருந்தவள் சேலத்துப் பெண். எனக்கு ஒரு வருடம் இளையவள், மனசில் வந்ததைப் பேசுகிறவள். நாங்கள் அவளைச் சேலத்துக்காரி என்றே கூப்பிடுவோம். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளும் மூத்தவரும் குரலை உயர்த்திவிட்டார்கள். நான் தாங்க முடியாமல், “எங்க ஊர்லன்னா இதுக்குப் பாடு போட்டுடுவாங்க” என்றேன்.

“அது என்னங்கக்கா?” என்றாள் சேலத்துக்காரி.

சொன்னேன். சீட்டில் வந்த நாள்தான் நாள். மாற்றிக்கொள்ளக் கூடாது. அன்று வராவிட்டால் முறை அடுத்தவருக்கு. வலை காலியாக வந்தாலும் இன்னொரு நாள் கேட்கக் கூடாது, தண்ணீரைத்தான் கொடுத்தார்கள், மீனைக் கொடுக்கவில்லை.

“சாவு கீவு ஆச்சுன்னா?”

“சாவு வீடு, பிறப்பு வீடுன்னா அந்த வீட்டு ஆள் அந்த வாரம் தண்ணியில இறங்க மாட்டார். முறை அடுத்தவருக்குப் போயிடும். ஆனா பிள்ளை பெத்த வீட்டோட பாட்டை எடுத்தவர் முதல் கூடையை அந்த வீட்டுக்கு அனுப்பணும். காரப்பொடி மீன். தாய்க்குப் பால் ஊறும்.”

“பரவால்லையே, மீனுக்காகவே ஆளுக்கொரு புள்ள பெத்துக்கலாமாட்ட இருக்குது” என்றாள். மூத்தவர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பிப்பெட் முனைகள் வரும் காலி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, நாலு சீட்டு எழுதி மடித்துப் போட்டுக் குலுக்கிவிட்டாள். எனக்கு மூன்றாவது வாரம் விழுந்தது. அவளுக்கு நாலாவது. எனக்கு அடுத்தவள் அவள் என்பது அன்று ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அன்று ஊருக்குப் போன் செய்து நைனாவிடம் சொன்னேன்.

“உனுக்கா? பாடா?” என்றார். பிறகு குரல் மாறி, ஊர்க் கூட்டத்தில் பேசுவதுபோல விசாரிக்க ஆரம்பித்தார். “எத்தினி பேரு?”

“நாலு பேரு.”

“எத்தினி எடம்?”

“ஒரே எடம் நைனா. ஒரே மிஷினு.”

“அப்ப நாலு வாரத்துக்கு ஒரு தபா. மாத்திக்கலாமா?”

“கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“அத்தான் சரி. மாத்த வுட்டா, வாய் கீறவன் எல்லாத்தயும் எட்த்துக்குவான்.” போனை அம்மாவிடம் நீட்டுவது கேட்டது. “இந்தா, பேசு. உம் பொண்ணு தலைக்கட்டு ஆயிட்டா.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் புதன்கிழமை அவரே கூப்பிடுவார். நாளைக்கு உன் பாடு, சீக்கிரம் படு என்பார். அவருடைய பாட்டுக்கு முந்தின நாள் அம்மா அவரிடம் சொல்வதும் அதைத்தான்.

நுண்ணோக்கியை இயக்குபவர் ஒருவர் இருந்தார். வருடம் முழுவதும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். எங்களைக் கருவியைத் தொட விடமாட்டார், எங்கள் பொருளை நாங்களே ஏற்ற மட்டும் விடுவார். பொருளை வைப்பது கிரிட் என்கிற செம்புச் சல்லடையில். சின்ன நெற்றிப்பொட்டு அளவுதான் இருக்கும். அதன்மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு கரிப் படலம். படலத்தின்மேல் நம் கரைசலில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் கம்பியின் நுனியில் வைக்க வேண்டும். “மூச்ச அடக்கும்மா” என்பார். “நீ விடுற மூச்சுல அது எண்ணூருக்குப் போயிடும்.” ஒரு முறை என் கிரிட் தரையில் விழுந்து, நானும் சேலத்துக்காரியும் அவரும் மூன்று பேருமாக முட்டிபோட்டு டார்ச் அடித்துத் தேடியிருக்கிறோம். கடைசியில் அது அவர் கம்பளிச் சட்டையில் இருந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கிரிட்டாக இருந்தாலும் முதல் படம் அதிகம் பெரிதாக்காமல், முழுச் சல்லடையும் தெரிகிற மாதிரி எடுத்தாக வேண்டும். பிறகுதான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு அது நேர விரயம். “ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஊரு பேரு போர்டப் பாக்க மாட்ட?” என்பார். இன்னொன்றும் சொல்வார். ஒரே இடத்தை ரொம்ப நேரம் பார்த்தால் மின்னணுக்கற்றை பட்டுப் பட்டு அங்கே கறை படிந்துவிடும். எனக்குத்தான் அதை அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. சரியாக ஃபோகஸ் ஆகியிருக்கிறதா, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று நான் நகரவே மாட்டேன். “நவுரும்மா. பாத்து பாத்தே அழுக்காக்குற” என்பார்.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு எனக்கு வேறு பயம் வந்தது. தூணிலிருந்து கதிர் ஏதாவது கசியுமா என்று அவரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஓர் அளவுமானியைக் கொண்டுவந்து, தூணைச் சுற்றிக் காட்டி, முள் அசையவில்லை பார் என்றார். நான் அதை நம்பினேன். இருந்தாலும் அங்கே உட்காரும்போது கைப்பையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வேன். துணிப்பை எதையும் தடுக்காது என்று படித்தவள்தான். அதற்குள் டிபன் பாக்ஸ் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

முதல் மூன்று படங்கள் நல்லபடி வந்தன. செய்த அன்று, ஒரு மாதம், இரண்டு மாதம். துகள்கள் அப்படியே தனித்தனியாக இருந்தன. மீதி இருந்தது மூன்றாம் மாதப் படம். அதற்கான வியாழக்கிழமை, பிரசவ நாளுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அந்த ஒரு நாள் மட்டும் பொன்னேரியிலிருந்து ரயில் பிடித்து வந்து போகலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். “வயித்த வெச்சிகினு ரயில்ல போறியா? புள்ளய அந்த மிஷின்லயே பெத்துகினு வரலாம்னு பாக்கறியா?” என்றாள் அம்மா.

முந்தின வெள்ளிக்கிழமை, ஊருக்குக் கிளம்பும் முன், கடைசிக் கிரிட்டைத் தயார் செய்தேன். ஒரே ஒரு புதுக் கிரிட்தான் மிச்சம் இருந்தது. மேசைக்கும் எனக்கும் நடுவில் வயிறு. கையை எட்டி நீட்டி, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிய நேரம் உள்ளே ஓர் உதை. இடுக்கியின் நுனி வழுக்கிப் படலத்தைக் கிழித்துவிட்டது. உருப்பெருக்கியில் பார்த்தேன். ஓரத்தில் மூன்று கட்டங்கள், பிறை மாதிரி வளைந்து கிழிந்திருந்தன. மற்ற கட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதிலேயே சொட்டு விட்டேன். காய்ந்ததும் பெட்டியில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். குறிப்பேட்டில் கிழிசலைப் பற்றி எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

கிரிட் வைக்கும் பெட்டி தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே வரிசையாகக் குழிகள், குழிக்கு ஓர் எண். கிரிட்டின்மேல் எதையும் எழுத முடியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எந்தக் குழியில் வைத்தோம் என்பது மட்டுமே அடையாளம். மூன்றாம் மாதக் கிரிட் நாலாவது குழிக்குப் போக வேண்டும். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மகள் பிறந்துவிட்டாள். இரண்டு வாரம் முன்னதாக.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எல்லோரும் குழந்தையின் மூக்கு யார் மூக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நைனா மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, “வியாயக்கெயம உன் பாடாச்சே” என்றார்.

“ஆமா நைனா.”

“சொல்லி வுட்டுடு. பொறப்பு வூடு. அடுத்தவங்க ஏற்பாடு பண்ணிக்க வாணாமா?”

அவருக்கும் அந்த வாரம் ஒரு பாடு இருந்தது. அதை அன்று காலையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, எங்கள் நாலு பேரும் இருக்கும் குழுவில் எழுதினேன்: ‘பெண் குழந்தை. நான் பிறப்பு வீடு. வியாழக்கிழமை முறை அடுத்தவருக்கு.’ மூத்தவர் வாழ்த்து அனுப்பினார். சேலத்துக்காரி ‘சரிங்கக்கா, எடுத்துக்கிறேன்’ என்று எழுதினாள்.

அனுப்பி அரை மணி கழித்துத்தான் உறைத்தது. அது ஏரி இல்லை. தண்ணீரில் நான் இறங்க வேண்டியதே இல்லை. கிரிட் தயாராகப் பெட்டியில் இருக்கிறது. யாராவது ஒருவர் எடுத்து ஏற்றினால் போதும். என் முறையை விடாமல் வைத்துக்கொண்டு, இயக்குபவரையே செய்யச் சொல்லியிருக்கலாம். நைனாவின் வலைக்குப் பொருந்தும் ஒன்றை நான் என் நுண்ணோக்கிக்குப் பொருத்திவிட்டேன்.

அடுத்த முறை நாலு வாரம் கழித்து. அதுவரை அந்தக் கிரிட் தாங்கும் என்று நம்ப முடியாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் வெள்ளித் துகள்கள் சல்லடையின் மேலேயே வளர ஆரம்பிக்கலாம். பிறகு படத்தில் பெரிய துகளைப் பார்த்தால், அது குப்பியில் பெரிதானதா, கிரிட்டில் பெரிதானதா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைக்குழந்தையோடு. திரும்பிப் போவேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“ஒரு வார்த்தை கேட்டா அந்தப் பொண்ணு செய்ய மாட்டாளா?” என்றார் என் கணவர். செய்வாள். அதனால்தான் கேட்க முடியவில்லை. மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான். ஒரு கிரிட்டை ஏற்றி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, நல்ல இடம் தேடிப் படம் எடுத்து இறக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்றரை மணியில் ஒன்றரை. அவளும் நாலு வாரம் காத்திருந்தவள்தான். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். குழந்தை அழுதது, அழித்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். வியாழக்கிழமை காலை நைனாவின் பாட்டை எடுத்தவர் வீட்டிலிருந்து ஒரு கூடை காரப்பொடி வந்தது. அம்மா ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை. இப்போது செருப்பை மாற்றியிருப்பாள். பத்து. விளக்கை அணைத்திருப்பார்கள். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று வேறு கவலை. குடிக்கிறாளா, சும்மா வாயை வைத்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன். “குடிக்கிறா. நீ பாத்துகினே இருந்தா அதுக்கு எப்டி எறங்கும்?” என்றாள்.

ஒன்றரை மணிக்குப் போன் அதிர்ந்தது.

‘அக்கா, முதல் கூடை அனுப்பியிருக்கேன். உங்க ஊர் சட்டம். பாப்பாவுக்குப் பால் ஊறட்டும்.’

கீழே பதினொரு படங்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்றை விரலால் விரித்துப் பார்த்தேன். துகள்கள். தனித்தனியாக. அங்கங்கே இரண்டு மூன்று நெருங்கியிருந்தாலும் பெரும்பாலும் தனித்தனியாக. நான் வேண்டிக்கொண்டதுபோலவே. அப்போது அடுத்த செய்தி வந்தது.

‘நாலாவது குழி காலிங்கக்கா. மூணாவதுல ஒண்ணு இருந்துச்சு, அதத்தான் ஏத்தினேன். சரிதானே?’

மூன்றாவது குழி இரண்டாம் மாதக் கிரிட்டுடையது. அந்தக் கிரிட்டைப் பார்த்து முடித்த பிறகு திரும்பவும் குழியில் வைத்தேனா, வளைந்துபோனது என்று எறிந்தேனா? நினைவில்லை. எறிந்திருந்தால், மூன்றாவது குழி காலியாக இருந்திருக்கும், ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் புதுக் கிரிட்டை அதில் வைத்திருப்பேன். எறியவில்லை என்றால், அவள் ஏற்றியது பழைய கிரிட். புதியது தரையில் எங்கோ கிடக்கிறது. அப்படியானால் படத்தில் இருப்பது மூன்றாம் மாதம் இல்லை. இரண்டாம் மாதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு நான் சந்தோஷப்படுகிறேன்.

துகள்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழன் போய் வெள்ளியும் போனது. பால் கொடுக்கும்போது ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். எல்லாத் துகளும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்றாம் மாதம் என்று நினைத்துப் பார்த்தால் மூன்றாம் மாதம். இரண்டாம் மாதம் என்று நினைத்தால் இரண்டாம் மாதம். சரிதானே என்று கேட்டவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பதிலே சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் நைனா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். பிறப்பு வீடு என்பதால் அவருக்கு வேலை இல்லை, கை சும்மா இருந்து பழக்கமும் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “எட்த்த போட்டாவ காட்டு” என்றார். குழந்தையின் படங்களை எடுத்துப் போனை அவரிடம் கொடுத்தேன். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று நின்றார்.

“இது இன்னா வலை?”

“எது நைனா?”

“கண்ணி சதுரமா கீது. எந்த ஊரு வலை இது?”

குழந்தையின் படங்களைத் தாண்டி சேலத்துக்காரியின் முதல் படத்துக்குப் போயிருந்தார். இயக்குபவரின் சட்டப்படி எடுத்த முழுச் சல்லடைப் படம். நான் இரண்டு நாளில் அந்தப் படத்தை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. துகள் தெரியாத படத்தில் எனக்கு என்ன வேலை?

“அது வலை இல்ல நைனா. பொட்டு அளவு இருக்கும். அதுக்கு மேலதான்...”

அவர் கேட்கவில்லை. போனை இன்னும் தள்ளிப் பிடித்தார். “ஓரத்துல மூணு கண்ணி கிய்ஞ்சி கீது பாரு. கிய்ஞ்ச வலைய எவன் எறக்குனான்?”

எழுந்திருக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். எழுந்து போய்ப் போனைப் பிடுங்கினேன். ஓரத்தில் மூன்று கட்டங்கள். பிறை மாதிரி வளைந்து.

“நாந்தான் நைனா” என்றேன். “நாந்தான் கிழிச்சேன்.”

“எதுல மாட்டுச்சி?” என்று கேட்டார். கிழிசலைப் பார்த்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நான் தொட்டிலைக் காட்டினேன். “இவ உதைச்சா. கை வழுக்கிடுச்சி. என் பாட்டை எடுத்த பொண்ணு அனுப்புன பங்கு நைனா இது.”

அவர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். “பொறக்கறதுக்கு மின்னயே வலைய கிய்ச்சிட்டியா நீ?” என்று அதனிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பங்கு வந்துட்ச்சினு அந்தப் பொண்ணு கையில சொல்லிட்டியா?”

சொல்லவில்லை என்றேன். அவர் என் கையிலிருந்த போனைச் சுட்டிக் காட்டினார்.

அந்தப் படங்களை மடிக்கணினியில் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு துகள் துகளாக அளந்தது பிறகு. அளந்தபோது என் நம்பிக்கை முழுதாக நிற்கவில்லை. நெருங்கியிருந்த துகள்களில் சில இணைந்தே போயிருந்தன, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கழுத்து மாதிரி ஒன்று தெரிந்தது. ‘துகள்கள் மாறவில்லை’ என்று எழுதி வைத்திருந்த வரியை ‘பெரும்பாலான துகள்கள் மாறவில்லை’ என்று திருத்தினேன். பக்கத்திலேயே கழுத்து தெரியும் படத்தையும் போட்டேன். ஆய்வேட்டை ஒரு வருடம் தாமதமாகக் கொடுத்தேன். அதில் முழுச் சல்லடைப் படமும் இருக்கிறது, கிழிசலோடு. அதை ஏன் சேர்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. முறையை அப்படி விட்டுக்கொடுத்தது சரிதானா என்று மட்டும் இன்றைக்கும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். விடாமல் வைத்திருந்தால் படம் கிடைத்திருக்கும், கூடை வந்திருக்காது. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு அந்த இயக்குபவரின் குரல் கேட்கும். நவுரும்மா.

அந்தச் சனிக்கிழமை, நைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேலத்துக்காரிக்கு எழுதினேன். ‘கூடை வந்தது. மீன் சரிதான். ஓரத்தில் கிழிஞ்சிருக்கு பார், அதான் அடையாளம். நான் கிழிச்சது.’

உடனே பதில் வந்தது. போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள். ‘கடவுளே. வேற வீட்டு மீன அனுப்பிட்டனோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கலைங்கக்கா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?’

‘எனக்கும் இறங்கலைடி’ என்று எழுதினேன்.

“இன்னா சொல்றா?” என்றார் நைனா.

“ரெண்டு நாளா சாப்பிடலையாம்.”

“நல்ல ஆளு” என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “இந்தா, பாப்பாவுக்குச் சோறு போடு. கொயம்புல மீன் நெறய போடு.”